சூடு ஆறிய பிறகு அளவெடுங்கள்

கேட்டவர் 27 வயதுத் தம்பி. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) ஓட்டுகிறார், வாரம் மாறி வாரம் ஷிப்ட். அவர் எழுதியதன் சுருக்கம்: "ஒவ்வொரு ஜனவரியிலும் காலை ஓட்டம், இங்கிலீஷ், டிசைன் கோர்ஸ் என்று எல்லாவற்றையும் ஆரம்பிக்கிறேன். மார்ச்சுக்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். வேலையிலும் வாழ்க்கையிலும் நிலையாக முன்னேற என்ன பழக்கம் வேண்டும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?"

தம்பி, நான் 1994-ல் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத் எனும் கடைசல் மெஷின் வேலை, முடித்து, கோவை கணபதியில் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். இப்போது டூல் ரூம் (பட்டறைக்கு வேண்டிய கருவிகளைச் செய்து பராமரிக்கும் பகுதி) பார்த்துக்கொள்கிறேன். வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் லேத் கற்றுக்கொடுத்ததுதான். நீங்களும் மெஷின் முன்னால் நிற்பவர் என்பதால் அந்தப் பேச்சிலேயே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு ஷாஃப்ட் (உருண்டையான இரும்புத் தண்டு) ஜாப் வந்தது. 20 மில்லிமீட்டர் விட்டம், எச்7 டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வரம்பு). அதாவது 20.000-க்கும் 19.979-க்கும் நடுவில் இருக்க வேண்டும், மொத்தமே 21 மைக்ரான் இடம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலையில் செட்டிங் போட்டேன். முதல் பீஸ் 19.983. ஃபோர்மேன் அளந்து பார்த்துவிட்டு ஓகே சொன்னார். அன்றைக்குக் கை நன்றாக ஓடியது. நடுவில் அளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதே புரோகிராம், அதே டூல், அதே கம்பி, என்ன மாறப் போகிறது? மாலை நான்கு மணிக்குப் பெட்டியில் 60 பீஸ் இருந்தது. கடைசிப் பீஸை மைக்ரோமீட்டரில் வைத்தேன். 20.010.

வயிறு கலங்கிவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனோம். 38-வது பீஸ் வரை சரி. அதற்கப்புறம் இருந்த 22 பீஸும் பெரிதாகிவிட்டிருந்தன. சிறிதாகப் போகாமல் பெரிதானதால் கிரைண்டிங்கில் போட்டுக் காப்பாற்ற முடிந்தது. ஆனாலும் இரண்டு பேருடைய ஒரு ராத்திரி தூக்கம் போனது.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வெட்ட வெட்ட இன்சர்ட் (டூலில் மாட்டும் சின்ன வெட்டுத் துண்டு) முனை தேயும், முனை தேய்ந்தால் விட்டம் கூடும். ஒரு பீஸுக்கு அரை மைக்ரான்கூட இல்லை. 38-வது பீஸையும் 39-வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே.

அன்றைக்கு ஃபோர்மேன் திட்டவில்லை. "நீ செட்டிங்கைத் தப்பாப் போடல. நடுவுல பாக்கல, அவ்வளவுதான்" என்றார். மறுநாள் மெஷின் பக்கத்தில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். பத்து பீஸுக்கு ஒருமுறை அளந்து, அதில் எழுத வேண்டும். ஏறிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால் ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்) ஐந்து மைக்ரான் இறக்க வேண்டும். அதன்பின் அந்த ஜாப்பில் ரிஜெக்‌ஷன் வரவில்லை.

உங்கள் ஜனவரியை அந்தப் பெட்டியோடு வைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் ஒருநாள் உட்கார்ந்து "இனி ஓடமாட்டேன்" என்று நீங்கள் முடிவெடுத்திருக்கமாட்டீர்கள். ஐந்தரை அலாரம் ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை மழை. அப்புறம் ஊரில் ஒரு விசேஷம். ஒவ்வொன்றும் அரை மைக்ரான். ஆரம்பத்தில் நீங்கள் போட்ட செட்டிங்கில் குறையே இல்லை. இன்னும் பெரிய சபதம் எடுத்தாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் தேய்மானம் சபதத்தைப் பார்த்து நிற்காது. அதனால் நான் முதலில் சொல்வது ஒரு புதுப் பழக்கத்தைப் பற்றி இல்லை. ஏற்கெனவே தொடங்கியதை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். எனக்கு ஞாயிறு காலை. டீ குடித்துவிட்டு இருபது நிமிடம், அந்த வாரத்து நோட்டைப் புரட்டுவேன். இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன்.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்க நோட்டுதான். ராத்திரி நான்கு வரி. பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

"செவ்வாய், முதல் ஷிப்ட். புரோகிராம் படிப்பு 20 நிமிடம், ஆச்சு. நடை இல்லை, மழை. பையன்மேல் கத்தினேன், கோபம் அவன்மேல் இல்லை, டெஸ்பாட்ச் தள்ளிப்போனதில் வந்தது. நாளை: டிராயிங்கில் ரிவிஷன் நம்பரை முதலில் பார்க்கணும்."

இவ்வளவுதான். இதில் நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதக்கூடாது. அட்டையில் 19.991 என்று எழுதுகிறோமே, அதுபோல நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் விஷயம் தெரியும். நான் பையன்மேல் கத்திய நாட்களைப் பார்த்தால், பெரும்பாலும் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் நாட்கள். அது தெரிந்தபின், அந்த நாட்களில் வீட்டுக்குள் நுழையும் முன் தெருமுனைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். கோபத்தை அடக்கும் வழி எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. எப்போது வரும் என்று தெரிந்துகொண்டேன், அது போதுமாக இருந்தது.

காலையிலும் ஒரு சின்ன வேலை உண்டு. மைக்ரோமீட்டரை எடுத்ததும் யாரும் நேராக ஜாப்பை அளக்கக்கூடாது என்று எங்கள் ஃபோர்மேன் கண்டிப்பாக இருப்பார். இரண்டு முகத்துக்கும் நடுவே சுத்தமான மெல்லிய காகிதத்தை வைத்து, லேசாக மூடி, காகிதத்தை இழுக்க வேண்டும், தூசி வந்துவிடும். பிறகு வெறுமனே மூடி, ராட்செட்டை (கைப்பிடி நுனியில் இருக்கும் குமிழ்) மூன்று முறை கிளிக் கேட்கச் சுற்றி, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கருவியைத் தூக்கி எறிய மாட்டோம். எத்தனை விலகல் என்று குறித்துக்கொண்டு, அளவில் கழித்துக்கொள்வோம், நேரம் கிடைக்கும்போது சரிசெய்வோம்.

ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்பாகப் போய், வண்டியை நிறுத்திவிட்டு, நான் இதையே எனக்குச் செய்துகொள்கிறேன். எப்படித் தூங்கினேன், மனசில் என்ன ஓடுகிறது, இன்றைக்குத் தவறவே கூடாத ஒரு வேலை எது. நான்கு மணி நேரம்தான் தூங்கினேன் என்றால் அன்றைக்கு எனக்கு ஜீரோ எரர், அதாவது பூஜ்யத்திலேயே விலகல், இருக்கிறது. அன்று புது ஜாப் செட்டிங் போடமாட்டேன், போட்டே ஆகவேண்டும் என்றால் இன்னொருவரைக் கூட நிற்கச் சொல்வேன். வீட்டில் பணப் பேச்சையும் அன்றைக்கு எடுக்கமாட்டேன். நன்றாக இல்லாத நாள் எல்லோருக்கும் வரும். அது தெரியாமல் வேலை செய்வதில்தான் சேதம் வருகிறது.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பலரும் உல்டாவாகச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்து பீஸுக்கு ஒருமுறை அளக்கச் சொன்னதும், எனக்கு ஆர்வம் அதிகமாகி, ஒவ்வொரு பீஸையும் அளந்து ஒவ்வொன்றுக்கும் ஆஃப்செட் மாற்ற ஆரம்பித்தேன். இரண்டு மைக்ரான் கூடினால் இரண்டு இறக்குவது, ஒன்று குறைந்தால் ஒன்று ஏற்றுவது. அளவுகள் முன்னைவிட மோசமாக ஆடின. ஏன் என்று அப்போது புரியவில்லை. பல வருடம் கழித்து ஒரு தரப் பயிற்சியில்தான் விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் என்பவர் 1924-லேயே இதற்காகக் கட்டுப்பாட்டு வரைபடம் ஒன்றை வகுத்திருக்கிறார். எந்த மெஷினிலும் தானாகவே கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், அது அதன் சுபாவம். அதைத் தாண்டிய விலகலுக்குத்தான் காரணம் தேட வேண்டும். அவர் வழியில் வந்த டெமிங் என்ற தர நிபுணர், ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதை நடத்தியே காட்டுவார். குறி தவறிய ஒவ்வொரு முறையும் புனலை அதற்கேற்றபடி நகர்த்தினால், குண்டு விழும் இடங்கள் இன்னும் அகலமாகச் சிதறும். புனலைத் தொடாமல் விட்டவனுடைய குண்டுகள் கிட்டக்கிட்ட விழும். 1950-ல் ஜப்பான் போய் அங்குள்ள என்ஜினியர்களுக்குப் பாடம் நடத்தியவர் இவர்தான். அவர் பெயரில் அங்கே கொடுக்கும் பரிசை 1998-ல் நம்ம சென்னை சுந்தரம் கிளேட்டன் கம்பெனி வாங்கியது. அந்தச் செய்தி வந்த சமயத்தில் கோவைப் பட்டறைகளில்கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

இதை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒருநாள் படிக்க முடியவில்லை, உடனே நேர அட்டவணையை மாற்றுகிறீர்கள். இரண்டு நாள் ஓட்டத்தில் மூச்சு வாங்கியது, உடனே ஓட்டத்தை விட்டுவிட்டு ஜிம். ஒரு வீடியோவில் யாரோ ஐந்து மணிக்கு எழச் சொன்னார், அடுத்த வாரம் இன்னொருவர் நான்கரை என்றார். ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட் மாற்றுகிற வேலைதான் இதுவும். ஒரு திட்டத்தைப் போட்டால் பன்னிரண்டு வாரம் அதைத் தொடாதீர்கள். எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள். ஒருநாள் விட்டுப்போனால் அது சுபாவமான ஏற்ற இறக்கம். மூன்று வாரம் தொடர்ந்து அதே கிழமையில் விட்டுப்போகிறது என்றால் அங்கே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து ஒரு ஆய்வு செய்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், டிபனுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி சின்ன விஷயங்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் மார்ச் மாதத்தில் அந்த ஒருநாளுக்குப் பிறகு நீங்கள் "அவ்வளவுதான், போச்சு" என்று விட்டிருந்தால், போகாத ஒன்றைப் போய்விட்டதாக நினைத்திருக்கிறீர்கள்.

சரி, காரணம் தேடுவது என்றேனே, அதை உங்கள் காலை ஓட்டத்திலேயே செய்து பார்க்கலாம். டொயோட்டாவில் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்கச் சொல்வார்கள். ஓட்டம் ஏன் நின்றது? ஐந்தரைக்கு எழ முடியவில்லை. ஏன்? ராத்திரி ஒன்றரைக்குத்தான் படுத்தேன். ஏன்? இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போதே பன்னிரண்டு. அப்படியானால் ஐந்தரை என்று ஏன் வைத்தீர்கள்? முதல் ஷிப்ட் வாரத்தில் போட்ட திட்டம் அது. இங்கேயே பிடிபட்டுவிட்டது, ஐந்தாவது 'ஏன்' தேவைப்படவில்லை. உங்களிடம் சோம்பேறித்தனம் இல்லை தம்பி. வாரம் மாறும் வேலைக்கு மாறாத கடிகார நேரத்தை வைத்துவிட்டீர்கள்.

ஷிப்ட்காரர்கள் பழக்கத்தைக் கடிகாரத்தில் கட்டக்கூடாது, எந்த ஷிப்டிலும் கட்டாயம் நடக்கிற ஒரு காரியத்தில் கட்ட வேண்டும். தூங்கி எழுந்து பல் தேய்த்ததும் ஷூ போடுவது, அது காலை ஆறோ பகல் ஒன்றோ. ஷிப்ட் முடிந்து குளித்ததும் இருபது நிமிடம் படிப்பு. "இது நடந்தால் உடனே இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே வாக்கியமாக எழுதி வைப்பவர்கள், வெறுமனே "செய்யணும்" என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நான் சி.என்.சி. புரோகிராமிங் கற்றது 2003-ல், இப்படித்தான். குளியல், சாப்பாடு, அதே தட்டு கழுவிய கையோடு புத்தகம். முதல் மூன்று மாதம் ஜி கோடு, எம் கோடு (மெஷினுக்குக் கொடுக்கும் அடிப்படைக் கட்டளைகள்) தவிர வேறு எதையும் தொடவில்லை. மெதுவாகத்தான் போனது. ஆனால் அந்த வருடக் கடைசியில் புரோகிராமர் லீவு போட்ட அன்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒரே சமயத்தில் ஓட்டம், இங்கிலீஷ், டிசைன் என்று மூன்றையும் எடுக்காதீர்கள். ஒரு செட்டிங்கில் மூன்று விஷயத்தை மாற்றினால், அளவு சரியாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்று, பன்னிரண்டு வாரம். அது தானாக ஓடும்போது அடுத்தது.

பொருள்கள் இருக்கும் இடமும் முக்கியம். ஃபைவ் எஸ் (வேலையிடத்தைச் சுத்தமாக, ஒழுங்காக வைக்கும் முறை) பற்றி உங்கள் கம்பெனியிலேயே போர்டு இருக்கும், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஷூ வாசலிலும், புத்தகம் சாப்பாட்டு மேஜையிலும், போன் இன்னொரு அறையில் சார்ஜிலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். அளவுகளுக்கெல்லாம் உலக வழக்கில் 20 டிகிரி செல்சியஸ்தான் அடிப்படை. உருக்கு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, கிட்டத்தட்ட பதினொன்றரை மைக்ரான் நீளும். வெட்டி முடித்த கையோடு 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் 20 மில்லி ஷாஃப்ட்டை அளந்தால் 9 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 21 மைக்ரான் டாலரன்ஸில் இது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த அளவை நம்பி ஆஃப்செட்டை இறக்கினால், ஆறிய பிறகு எல்லாமே சிறிதாகிவிடும். சிறிதானதைக் காப்பாற்ற வழியே இல்லை.

2006-ல் ஒருநாள், என் தப்பே இல்லாத ஒரு விஷயத்துக்கு, இருபது பேர் முன்னால் எனக்குத் திட்டு விழுந்தது. சனிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் ராஜினாமா கடிதம் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். மனைவி படித்துவிட்டு, "குடுங்க, ஆனா திங்கக்கிழமை காலையில இன்னொரு தடவை படிச்சுட்டுக் குடுங்க" என்றாள். டிபன் பையில் மடித்து வைத்தேன். திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே நின்று படித்தேன். அதில் இருந்த வருத்தம் அத்தனையும் நியாயம். ஆனால் என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கிழித்துவிட்டு, டூல் ரூமுக்கு மாற்றம் கேட்டு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கிடைத்தது. இன்றைக்கு நான் இருக்கும் இடம் அது.

அதிலிருந்து, வேலை, பணம், உறவு எதைப் பற்றியும் சூடாக இருக்கும்போது முடிவெடுப்பதில்லை. எழுதுவேன், ஆறவிடுவேன், ஞாயிறு பார்ப்பேன். உங்களை நீங்களே எடைபோடுவதும் இதில் சேர்த்திதான். இரவு ஷிப்ட் முடிந்த களைப்பில், நண்பர் ஜெர்மனியில் எடுத்த போட்டோவைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று வரும் அளவு சூட்டில் எடுத்த அளவு. அதை அட்டையில் ஏற்றாதீர்கள். அந்த நண்பருடைய டிராயிங் வேறு, உங்களுடையது வேறு. புஷ்ஷின் (ஷாஃப்ட் நுழையும் வளையம்) டிராயிங்கை வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டை யாராவது ரிஜெக்ட் செய்வார்களா?

இன்னொன்றும் உண்டு. முதல் பீஸை வெட்டியவனே ஓகே செய்யக்கூடாது என்பது பட்டறை விதி. எவ்வளவு நல்ல டர்னராக இருந்தாலும் இன்னொரு கண் பார்க்க வேண்டும். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். புகழ்பவரும் வேண்டாம், மட்டம் தட்டுபவரும் வேண்டாம். அக்காவோ, பழைய வாத்தியாரோ, ஷாப் ஃப்ளோரில் மூத்தவரோ, மாதம் ஒருமுறை நோட்டைப் பார்த்துவிட்டு "இதை ஏன் மூணு வாரமா எழுதல?" என்று கேட்கக்கூடிய ஒருவர்.

தூக்கத்தைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், உடம்பு முடியாமல் போகும் முன்பே தூங்கிவிடுங்கள். இன்சர்ட் உடைந்தபிறகு மாற்றுபவன் ஜாப்பையும் சேர்த்துக் கெடுக்கிறான், உடைவதற்கு முன்பே முனையைத் திருப்பிப் போடுபவன் செலவும் குறைவாகச் செய்கிறான். இரவு ஷிப்டில் படிப்பைச் சேர்க்காதீர்கள். அந்த வாரம் நோட்டு மட்டும் போதும்.

கடைசியாக, வேலையை விடலாமா என்ற கேள்வி. இப்போது விடாதீர்கள். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்ம ஊர் ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டி மெஷின் கற்றுக்கொண்டவர். நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிற மெஷினைவிட நல்ல வகுப்பறை முதல் வருடத்துக்குக் கிடைக்காது. புரோகிராமைத் திறந்து, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று இருபது நிமிடம் படியுங்கள். டிசைன் அதற்கு அடுத்த படி. டிகிரிதான் வேண்டும் என்றால், கோவையில் வேலைக்குப் போகும் டிப்ளமோக்காரர்களுக்கு மாலை நேரப் பகுதிநேர பி.இ. பல வருடமாக நடக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் மூன்று பேர் அப்படிப் படித்து முடித்தார்கள், மூவருக்கும் சம்பளம் நிற்கவில்லை. முழுநேரம்தான் வழி என்று பன்னிரண்டு வாரம் கழித்தும் தோன்றினால், ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

மாலை வகுப்புக்கு முதல் ஷிப்ட் நிரந்தரமாக வேண்டியிருக்கும். மேனேஜரைக் கேளுங்கள். போகும்போது வெறும் கையோடு போகாமல், பன்னிரண்டு வாரத்து அளவு அட்டையை எடுத்துப் போங்கள். உங்கள் மெஷினில் ரிஜெக்‌ஷன் எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது என்று அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.